குரூப் 4 வரிசையின் கதை

விண்ணப்பம் 20 லட்சத்துக்கும் மேல. வேலை 9,351. இது 2018 பிப்ரவரி 11-ல நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக் கணக்குங்க. வகுத்துப் பார்த்தா ஒரு நாற்காலிக்கு 200 பேருக்கு மேல! பத்தாவது பாஸ் போதும்ங்கற தேர்வுக்கு பி.இ., எம்.ஏ., பிஎச்.டி. எல்லாம் வரிசைல நின்னாங்க.

இந்த வரிசைக்கு வயசு அதிகம். 1929-ல மெட்ராஸ் மாகாணம் தனிச் சட்டம் போட்டு சர்வீஸ் கமிஷன் அமைச்சது. இந்திய மாகாணங்கள்லயே அதான் முதல். அதுதான் 1970-ல டி.என்.பி.எஸ்.சி. ஆச்சு.

இன்னொரு வரிசை வேலைவாய்ப்பு அலுவலகம். 1945-ல போர் முடிஞ்சு வந்த சிப்பாய்களுக்காக ஆரம்பிச்சு, 1948-ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. பதிவு பண்ணிட்டு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுட்டு, கார்டு வருமான்னு தபால்காரரைப் பார்த்தே தலை நரைச்சவங்க எத்தனை பேரு! அலுவலகம் அனுப்பற பேரை மட்டும் பார்த்தா பத்தாது, விளம்பரமும் கொடுத்து வர்றவங்களையும் பார்க்கணும்னு 1996-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நியாயமான தீர்ப்புதான். ஆனா பதிவு மூப்புக்கு இருந்த மவுசு குறைஞ்சு, மொத்தக் கூட்டமும் தேர்வு பக்கம் திரும்பிடுச்சு.

அதே சமயம் 1984-ல இருந்து சுயநிதி பொறியியல் கல்லூரிகள் வந்து, பின்னாடி 500-ஐத் தாண்டிச்சு. பட்டதாரி பெருகிட்டே போக, 2001-ல புது நியமனத்துக்கே தடை. 2006-லதான் எடுத்தாங்க. குழாயை மூடிட்டு தண்ணியை மட்டும் நிரப்பினா என்ன ஆகும்? 2012 குரூப் 4-க்கு சுமார் 12 லட்சம் பேர், ஆறே வருஷத்துல அது 20 லட்சம்.

இப்ப எங்க கொல்லிமலை அரியூர் நாட்டுக்கு வர்றேன். பழங்குடியினர் ஒதுக்கீடு 1 சதவீதம். 9,351-ல சுமார் 93. அது அரியூர் நாட்டுக்கு இல்ல சாமி, தமிழ்நாட்டுப் பழங்குடி மொத்தத்துக்கும்! அந்த 93-க்குப் போட்டி போட கோச்சிங் வேணும்னா காரவள்ளி வழியா 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். எங்க பக்கத்து வீட்டு அண்ணன் பி.எஸ்சி. முடிச்சவர். காலையில மிளகுக் கொடி, ராத்திரி பொது அறிவு. தேர்வுக்கு முந்தின நாளே இறங்கி நாமக்கல்ல தங்கிடுவார். விட்டா பஸ் போச்சுன்னு பயம்.

இவ்வளவு பாடுபட்டு எழுதற தேர்வுல, 2019-ல ராமேஸ்வரம், கீழக்கரை மையங்கள்ல மறையற மைப் பேனாவை வச்சு விடைத்தாளையே மாத்தினாங்க. 2020 ஜனவரியில 99 பேருக்கு வாழ்நாள் தடை. ஒரு மார்க்குல ஆயிரக்கணக்கான ரேங்க் தள்ளிப் போற இடத்துல இது வெறும் காப்பி அடிக்கிற சமாச்சாரமா?

எனக்கு உறுத்தற விஷயம் வேற. 2018 அறிவிப்புப்படி, ஒதுக்கீட்டுப் பிரிவுல பத்தாவதுக்கு மேல படிச்சவங்களுக்கு இளநிலை உதவியாளர் மாதிரி பதவிகளுக்கு வயசு வரம்பே கிடையாது. கருணையோட போட்ட விதிதான், எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா வரிசையை விட்டு எப்ப விலகணும்னு யாரும் சொல்லவும் மாட்டாங்க. 2025-ல அறிவிச்சது 3,935 இடம், விண்ணப்பம் 13 லட்சத்துக்கு மேல. பரீட்சையை எவ்வளவு ஒழுங்கா நடத்தினாலும் அது இருக்கற வேலையைப் பங்கு போடும், அவ்வளவுதான். புதுசா ஒரு வேலையைக்கூட உண்டாக்காது. மலையிலேயே பட்டதாரிக்கு வேலை உண்டாக்கறது யார் பொறுப்புங்க?