மரக்கட்டையும் வாரக் கூலியும்

1933இல் அமெரிக்காவில் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. ரொட்டிக்கே வரிசையில் நிற்கும் ஊரில் ஓவியம் வாங்க யார் வருவார்? ஆனால் அந்த ஆண்டில்தான் சிகாகோ கலைஞர் சார்லஸ் டர்சாக், ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையை மரச்செதுக்குப் படங்களால் சொல்லும் நூலைக் கொண்டுவந்தார்.

டர்சாக் 1899இல் இல்லினாய் மாநிலத்து ஸ்ட்ரீட்டரில் பிறந்தவர். நிலக்கரிக்கும் கண்ணாடிக்கும் பேர்போன ஊர் அது. லிங்கனும் இளமையில் இதே இல்லினாயில் கோடரி பிடித்து, வேலிக்கு மரம் பிளந்தவர். அவர் கதை மரத்தில் செதுக்கப்பட்டது எத்தனை பொருத்தம்!

மரச்செதுக்கு ஏழைக்கு உகந்த கலை. ஒரு பலகை, கத்தி, சில உளிகள், மை, உருளை போதும். வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தையெல்லாம் குடைந்து எடுத்துவிட வேண்டும். மிஞ்சி நிற்கும் மேடு மட்டுமே மையை ஏந்தும். படத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். உளி ஓரிடத்தில் வழுக்கினால், போன மரம் திரும்பி வராது. அச்சு இயந்திரம் இல்லாவிட்டாலும், தாளை மேலே விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தே படம் எடுத்துவிடலாம்.

1935இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு கூட்டாட்சிக் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஹோல்கர் கேஹில் அதன் இயக்குநர். சாலை போடுபவருக்குக் கூலி கொடுப்பதுபோலக் கலைஞருக்கும் கொடுத்தார்கள். தொகை ஊருக்கு ஊர் மாறும், நியூயார்க்கில் வாரம் சுமார் 24 டாலர். அச்சுப் படங்கள் பள்ளி, நூலகம், மருத்துவமனை என்று பொது இடங்களுக்குப் போயின. ஒரே கட்டையிலிருந்து பல படிகள் எடுக்க முடிந்ததால், ஒருவரின் உழைப்பு பல ஊர்ச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தத் திட்டத்தின்கீழ் டர்சாக் செதுக்கியவற்றுள் ஒன்று ‘துளைப்பானுடன் மனிதன்’. அரசிடம் கூலி வாங்கிய கலைஞர், கூலிக்கு உழைக்கும் இன்னொருவரையே படமாக்கினார். அன்று பலரும் அப்படித்தான் செய்தார்கள்: சுரங்கம், வயல், ஆலை என்று தங்கள் வட்டாரத்தின் உழைப்பைச் செதுக்கினார்கள். 1938இல் இல்லினாயின் லெமான்ட் அஞ்சலகத்துக்கு அரசுக்காகச் சுவரோவியம் வரைந்தபோதும், டர்சாக் எடுத்துக்கொண்டது அவ்வூர்க் கால்வாயில் போன படகுகளைத்தான்.

1943இல் திட்டம் மூடப்பட்டது. நியூயார்க்கில் கிடங்கில் கிடந்த ஓவியத் துணிகள் பழைய சாமான் வியாபாரிக்கு எடை போட்டு விற்கப்பட்டன. அச்சுப் படங்களுக்கு மட்டும் படிகள் பல. ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் ஒன்று மிஞ்சியது. அப்படி மிஞ்சியவற்றுள் பல, அரசின் உடைமையாகவே அருங்காட்சியகங்களின் பாதுகாப்பில் இன்றும் இருக்கின்றன.