மெல்லிய தகடும் திருகாணியும்

இரண்டு பொருள்களை இணைக்கவும், வேண்டும்போது பிரிக்கவும் உதவுவது திருகாணி. ஆயின், அதன் மரைகள் பற்றிக்கொள்ள எதிர்ப்பொருளில் போதிய கனம் இருத்தல் வேண்டும். 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணத்தில் மரைகளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். 1864இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்மொழிந்தார். அக்கால இயந்திரங்கள் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. மரை வெட்டுதற்கு அவற்றில் இடம் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வானூர்தி தோன்றியபின் நிலைமை மாறியது. எடையைக் குறைக்க மெல்லிய அலுமினியத் தகடுகள் வந்தன. நான்கு மில்லிமீட்டர் திருகாணியில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.7 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்த் தகட்டில் இரண்டு மரைகளேனும் முழுமையாக அமையா. தகட்டின் பின்னே நட்டைப் பிடிக்கலாமெனின் கை நுழைய வழியில்லை. பற்றவைக்கலாமெனின் வெப்பத்தால் தகடு நெளிகின்றது.

இச்சிக்கலுக்கு 1930களில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் ஒரு விடை கண்டது. வானூர்தி இறக்கைகளில் உறையும் பனியை அகற்றும் ரப்பர் உறைகளைப் பொருத்த, உட்புறம் மரை வெட்டிய குழல் ஒன்றை அது உருவாக்கியது. துளையில் செருகி, முன்புறமிருந்தே இழுத்தால், அதன் பின்பகுதி புடைத்துத் தகட்டைக் கவ்விக்கொள்ளும்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல், பென்சில்வேனியாவில் சுவான்ஸ்ட்ரம் என்பவர் நிறுவிய பென் எஞ்சினியரிங் நிறுவனம் மற்றொரு வழியை வளர்த்தது. இதில் நட்டின் அடிப்பகுதியில் பற்கள் போன்ற வரிகளும், அவற்றின் கீழே ஒரு பள்ளமும் உண்டு. துளையில் வைத்து அழுத்தியதும், வரிகளால் நெருக்குண்ட தகட்டின் உலோகம், வெப்பமின்றியே நகர்ந்து அப்பள்ளத்தை நிரப்புகின்றது. பள்ளத்துள் புகுந்த உலோகம் நட்டு கழன்று விழாமல் காக்கின்றது. தகட்டில் பதிந்த வரிகள் அது சுழலாமல் தடுக்கின்றன.

இதற்கு இரு நிபந்தனைகள் உள. நட்டு தகட்டினும் கடினமாய் இருத்தல் வேண்டும். இன்றேல் தகட்டுக்கு மாறாக நட்டே நசுங்கும். சுத்தியலால் அடித்தலும் ஆகாது; உலோகம் நகர்ந்து நிரம்புதற்குச் சீரான அழுத்தமே வேண்டும்.

கனம் இல்லாமையே தகட்டின் குறையாகக் கருதப்பட்டது. அக்குறையை நீக்கத் தகட்டைத் தடிப்பாக்க எவரும் முனையவில்லை. தகட்டின் இளகும் இயல்பையே பிடிப்பாக மாற்றினர். பொருளின் இயல்பை அறிந்து அதனோடு இயைந்து செல்வதே தொழில்நுட்பம் என்பதற்கு இச்சிறு நட்டு தக்க சான்றாகும்.