பின்வரிசையை மறுத்த அம்மையார்

அமெரிக்க நாட்டில் நிறவெறியையும் பெண்ணடிமையையும் ஒருங்கே எதிர்த்தவர் ஐடா பி. வெல்ஸ் அம்மையார். 1862இல் மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அடிமையாகவே பிறந்தார். பதினாறாம் வயதில் பெற்றோரை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, நம்மைப் போல் ஆசிரியப் பணி ஏற்று, உடன்பிறந்தாரைக் காத்தார்.

முறைப்படி பயணச்சீட்டு வாங்கி மகளிர் பெட்டியில் அமர்ந்திருந்த அவரை, கறுப்பினத்தவர் என்பதற்காக இரயில்வே ஊழியர் இழுத்து வெளியேற்றினர். வழக்குத் தொடுத்தார், 1884இல் 500 டாலர் இழப்பீடு தீர்ப்பாயிற்று. 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் சீர்கெட்டுக் கிடப்பதை எழுதியமையால் 1891இல் வேலையும் போயிற்று. 1892இல் மெம்பிஸ் நகரில் தம் நண்பர் மூவரை வெள்ளையர் கும்பல் கொன்றதைக் கண்டித்து எழுதினார். அவர்தம் பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது. ஆயினும் எழுதுகோலை அவர் கீழே வைத்தாரல்லர்.

பின்னர் இல்லினாய் மாநிலத்துச் சிகாகோவில் குடியேறி, 1913இல் கறுப்பின மகளிர்க்கென ஆல்ஃபா வாக்குரிமைக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணி நடந்தது. கறுப்பின மகளிர் பின்வரிசையில் வரட்டும் என்றனர், உரிமை கேட்டுத் திரண்ட வெள்ளையினப் பெண்களே! அம்மையார் இசையவில்லை. வேடிக்கை பார்ப்போரிடையே காத்திருந்து, இல்லினாய் அணி வந்ததும் அதனுள் புகுந்து நடந்தார்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தில் பெண்மக்களை எவ்வரிசையில் வைத்திருக்கிறோம்? இதனை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.