பேராசிரியர் உவைஸ் எழுதியதும் நாங்கள் எழுதாமல் விட்டதும்



போன கிழமை ஏ/எல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், கெம்பஸில இவ்வளவு பேர் படிப்பிக்கிறாங்க. எங்கட ஊரைப் பற்றி ஏன் ஆய்வுப் புத்தகம் குறைவு?"

விரிவுரையாளர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரின் கதையைச் சொன்னோம்.

முதலாமவர் சுவாமி விபுலாநந்தர். திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பெடுத்து நடத்தியவர். பாடசாலை நிர்வாகம் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று எங்களைக் கேளுங்கள்! 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே நூலகம் இருந்தது, இசைக் கல்லூரியும் இருந்தது. யாழ் பற்றிய அவருடைய தேடல் அங்கே வேர்பிடித்தது. அப்படியும் 'யாழ் நூல்' வெளிவர 1947 ஆகிவிட்டது. ஒன்றரை மாதத்தில் அவர் காலமானார். இன்றைய கணக்கில் பார்த்தால், இத்தனை வருடத்துக்கு ஒரே ஒரு புத்தகம்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவர்தான். பாணந்துறையிலிருந்து வந்த ம. மு. உவைஸ் என்ற மாணவரை, முஸ்லிம்கள் தமிழில் படைத்த இலக்கியத்தின் பக்கம் திருப்பிவிட்டவரும் அவரே. ஒரு துறவி, ஒரு முஸ்லிம் பிள்ளையிடம் "உங்கள் ஆட்களின் இலக்கியத்தைத் தேடு" என்று தூண்டியிருக்கிறார். நம் பகுதியில் இன்று இதை நினைத்துப் பார்க்க வேண்டும். முதுமாணிப் பட்டத்துக்காக உவைஸ் செய்த அந்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வந்தது.

அதன்பின் நீண்ட காலம் கற்பித்தல் வேலை. எழுத்தை அவர் விடவில்லை. ஆனால் பெரிய வேலை கைகூடியது கடல் தாண்டித்தான். 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்றே அமைந்த இருக்கை அவருக்குக் கிடைத்தது. கூட உழைக்க பீ. மு. அஜ்மல்கான் இருந்தார். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு தொகுதி தொகுதியாக வெளிவந்தது. ஆள் அதே ஆள்தான். இதற்கென்றே ஒதுக்கிய நேரமும் கூட்டாளியும் புதிது.

கிழக்கில் வேலை செய்தவர்களுக்கு யுத்தம், ஊரடங்கு, மூடிய வீதி. 2009இல் பாலம் வரும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். கடைசிப் பாதையைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு. இன்று கோணேசபுரியிலேயே கெம்பஸ் இருக்கிறது, பாலமும் இருக்கிறது. இப்போது பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். எண்ணினால் கட்டுரை வரும்தான். ஆனால் மூதூரில் வீடு வீடாக ஏறி ஒரு பழைய கிதாபைத் தேட இரண்டு வருடம் வேண்டும். அதற்குள் நான்கு சின்னக் கட்டுரை எழுதலாம் என்றால், எவர்தான் தேடப் போவார்?

பழியை முழுக்க அவர்கள் தலையில் போடவும் முடியாது. எங்கள் உம்மம்மாவிடம் ஒரு அரபுத் தமிழ்க் கொப்பி இருந்தது. தாலாட்டும் கைமருந்தும் எழுதியிருந்தார். 2004இல் கடல் கொண்டுபோனது. அதற்கு முன் எத்தனையோ வருடம் அது பெட்டகத்தில் கிடந்தது. ஆசிரியர்களாக இருந்தும் நாங்கள் ஒரு பக்கத்தைக்கூடப் பிரதி எடுக்கவில்லை.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இப்போது தன் மூத்தம்மாவின் பெட்டியைத் திறந்திருக்கிறாள். உங்கள் வீட்டிலும் பழைய கிதாபு, காணி உறுதி, தோணிக் கணக்கு ஏதும் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து போனில் படம் எடுக்கிறோம். சாமான் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.