வில் சமன்செய்தல்

வில் சமன்செய்தல் என்பது, ஒரே மரத்துண்டில் இருந்து கையால் செய்யப்படும் வில்லின் இரு கரங்களும் சீராகவும் ஒன்றுக்கொன்று ஈடாகவும் வளையும் வரை, அவற்றில் இருந்து சிறிது சிறிதாக மரத்தை நீக்கும் செயல்முறை ஆகும். ஆங்கிலத்தில் இது டில்லரிங் எனப்படுகின்றது. வில்லின் உருவத்தை வெட்டி எடுப்பது வழக்கமான தச்சு வேலையே. அவ்வுருவம் வில்லாகுமா விறகாகுமா என்பதைத் தீர்மானிப்பது இக்கட்டமாகும். நீக்கிய மரத்தைத் திரும்பச் சேர்க்க இயலாது என்பதால், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தம் முதல் வில்லை இங்கேயே இழக்கின்றனர்.

முதுகும் வயிறும்

வில்லில் இலக்கை நோக்கியுள்ள பக்கம் முதுகு என்றும், எய்பவரை நோக்கியுள்ள பக்கம் வயிறு என்றும் அழைக்கப்படுகின்றன. நாணை இழுக்கும்போது முதுகு இழுவிசைக்கும், வயிறு அமுக்க விசைக்கும் உள்ளாகின்றன. முதுகில் மர இழைகள் அறுபட்டிருந்தால் அங்கிருந்தே சிராய் எழும்பி வில் முறியும். எனவே கைப்பிடியில் இருந்து நுனி வரை ஒரே ஆண்டு வளையம் முதுகாக அமையுமாறு மரம் தயார் செய்யப்படுகின்றது. அதன்பின் முதுகில் கருவி படுவதில்லை. மரம் வயிற்றுப் பக்கத்தில் இருந்தே நீக்கப்படும். யூ மரத்தில் வெளிறு முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமைகின்றன. ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வெளிற்றை முழுதும் நீக்கி, வைரத்தின் ஒரு வளையத்தை முதுகாக வைப்பது வழக்கம். எல்ம், ஆஷ், ஹிக்கரி ஆகியனவும் ஏற்ற மரங்களே. எதுவாயினும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈர மரம் வளையும், ஆனால் நிமிராது.

வளைவின் இயற்பியல்

ஒரு கரத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் அமைகின்றது. அகலத்தை 10 விழுக்காடு குறைத்தால் விறைப்பும் 10 விழுக்காடே குறையும். தடிமனை 10 விழுக்காடு குறைத்தாலோ விறைப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடும். 15 மி.மீ. தடிமனுள்ள கரத்தில் இது வெறும் ஒன்றரை மி.மீ. மட்டுமே. கற்பவரின் கை தவறுவது ஏன் என்பதற்கு இக்கணக்கே போதிய விளக்கம்.

நாண் இழுக்கும்போது வளைக்கும் திருப்புத்திறன் நுனியில் சுழியமாகவும், கைப்பிடியருகே மிகுந்தும் இருக்கும். ஆகவே ஒரே அகலமும் ஒரே தடிமனும் கொண்ட கரம் கைப்பிடியருகே மட்டும் வளைந்து, வெளிப்பகுதியில் சும்மா இருக்கும். இதைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. தடிமனை மாற்றாமல் அகலத்தை நுனி நோக்கிச் சீராகக் குறைத்தால், கரம் ஏறக்குறைய வட்டத்தின் வில்லாக வளையும். அகலத்தை மாற்றாமல் தடிமனைக் குறைத்தால், வெளிப்பகுதி கூடுதலாக வளையும் நீள்வட்ட வடிவமே சரியானது. ஏனெனில் மெல்லிய மரம் அதே திரிபுக்குள் மேலும் வளையக் கூடியது. ஆக, எல்லா விற்களுக்கும் பொதுவான ஒரே சரியான வளைவு இல்லை.

செய்முறை

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கரத்தை அழுத்திப் பார்த்து முரட்டு வளைவு சரிசெய்யப்படுகின்றது. இரு கரங்களும் ஓரளவு வளைந்த பின், நாண் மாட்டும் வெட்டுகளான குதைகள் அமைக்கப்பட்டு, வில்லைவிட நீண்ட, தொய்வான நாண் ஒன்று பூட்டப்படும். வில்லின் கைப்பிடியைச் சுவரில் பொருத்திய தாங்கியில் வைத்து, நாணைக் கயிறு, கப்பி வழியே கீழே இழுத்து, சற்றுத் தொலைவில் நின்று வளைவைப் பார்ப்பர். இடையில் சுருள்வில் தராசு ஒன்றை மாட்டினால் இழுவிசையும் தெரியும். (தமிழில் இரண்டுக்கும் வில் என்றே பெயர் இருப்பது பொருத்தமானதே, இரண்டும் மீள்மையால் ஆற்றலைச் சேமிப்பவை.)

இங்கு மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. 40 பவுண்டு வில் வேண்டுமெனில், எந்தக் கட்டத்திலும் 40 பவுண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. அதற்குள் ஏதேனும் குறை தென்பட்டால் அதைத் திருத்தாமல் மேற்கொண்டு இழுக்கவும் கூடாது. விறைப்பான இடங்களைப் பென்சிலால் குறித்து, மர அரத்தாலோ சுரண்டியாலோ மெல்லச் சீவி, பின்னர் இருபது முப்பது முறை அளவாக இழுத்து விடுவர். நீக்கிய மரத்தின் விளைவு உடனே முழுமையாக வெளிப்படாது. இப்படிப் பழக்கிய பின்னரே தெரியும். பொறுமையின்றி மேலும் மேலும் சீவுவோர், பெரியவருக்குத் தொடங்கிய வில்லைச் சிறுவருக்கு முடிப்பதுண்டு.

விறைப்பான இடத்தைக் காண எளிய கருவி ஒன்று உள்ளது. ஒரு சாண் அளவுக்குக் குறைவான தட்டையான மரக்கட்டையின் நடுவே பென்சில் செருகப்படும். வளைந்திருக்கும் வில்லின் வயிற்றில் மிகுதியாக வளைந்த இடத்தை மட்டும் அது தொட்டும் தொடாமலும் இருக்குமாறு பென்சிலின் நீட்சி அமைக்கப்படும். கட்டையை வயிற்றின் மீது நகர்த்தினால், வளையாத இடங்களில் மட்டும் கோடு விழும்.

வளைவு சீரானதும் குட்டையான நாண் மாட்டி, கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே ஏறத்தாழ 15 செ.மீ. இருக்குமாறு பூட்டுவர். பின்னர் இழுப்பைப் படிப்படியாகக் கூட்டி, பொதுவாக 28 அங்குலம் வரை கொண்டு செல்வர். கீழ்க்கரத்தைச் சற்று விறைப்பாக விடுவது பரவலான வழக்கம். கையின் பிடியும் அம்பின் இடமும் ஒரே புள்ளியில் அமையாததே இதற்குக் காரணம்.

இயல்பிலேயே கோணலான மரத்தில் கண் ஏமாறும். அங்கு இறுதி வடிவத்தை அன்றி, நாண் பூட்டாத நிலையில் இருந்து எவ்வளவு மாறியது என்பதையே பார்க்க வேண்டும்.

குறைகள்

ஓரிடம் மட்டும் மடங்கினால் அது கீல் எனப்படும். அவ்விடத்தைத் தொடாமல் அதன் இருபுறமும், பின்னர் மறு கரத்திலும் மரத்தைக் குறைப்பதே திருத்தம். வில்லின் இழுவிசை அதற்கு விலையாகும். அமுக்கம் மிகுந்தால் வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தோன்றும். நாணைக் கழற்றிய பின்னும் எஞ்சும் வளைவு, மர அணுக்கள் நசுங்கியதன் அடையாளம். முழு இழுப்பில் முறியும் வில் முகத்தில் காயம் ஏற்படுத்தக் கூடும். அதனாலேயே முதல் இழுப்புகள் கையால் அன்றித் தாங்கியில் செய்யப்படுகின்றன.

வரலாறு

டென்மார்க்கின் ஓல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த எல்ம் மர விற்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையானவை. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 130க்கு மேற்பட்ட முழுமையான யூ மர விற்கள் கிடைத்தன. இவை கைப்பிடி உட்பட முழு நீளமும் வளையும் வகையின. கப்பல் மூழ்கிய அதே ஆண்டில் ரோஜர் ஆசம் எழுதிய டாக்சோபிலசு என்னும் நூல், வாங்கிய வில்லை எய்து பழக்கிய பின் நல்ல கைவினைஞரிடம் கொடுத்து மீண்டும் சீர்செய்து கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. 1930களில் கிளாரன்ஸ் இக்மன் முதலிய அமெரிக்க அறிவியலாளர்கள் வில்லின் விசைகளை அளந்து ஆராய்ந்தனர். ஆங்கிலேய நெடுவில்லின் உருண்ட வயிற்றை விடத் தட்டையான செவ்வகக் குறுக்குவெட்டு மரத்தின் மீது சுமையைச் சீராகப் பரப்புகின்றது என்பது அவ்வாய்வுகளில் இருந்து தெளிவாயிற்று.