குழந்தைகள் மையங்களில் மதியிறுக்கமுடைய குழந்தைகளுக்கான ஆதரவு

மதியிறுக்கம் (ஆட்டிசம்) உடைய, அல்லது அவ்வாறு ஐயுறப்படும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அங்கன்வாடி முதலிய இடங்களில் பிற குழந்தைகளோடு சேர்ந்திருக்கவும் விளையாடவும் கற்கவும் செய்யப்படும் ஏற்பாடுகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை மருத்துவச் சான்றிதழுக்கோ சிறப்பு ஆசிரியருக்கோ காத்திராமல், மையப் பணியாளராலேயே தொடங்கத்தக்கவை ஆகும். நகர மருத்துவமனைகளிலிருந்து விலகியுள்ள ஊர்களுக்கு இது மிகவும் முக்கியமானது.

பெயர்

1943 இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை மூலம் இந்நிலை மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. தமிழில் மதியிறுக்கம், ஆட்டிசம் ஆகிய சொற்கள் வழங்குகின்றன. அரசு ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்ற" என்ற தொடரும் காணப்படுகின்றது. இது பொருத்தமான தொடர் அன்று. இக்குழந்தைகளுள் பலர் புற உலகின் ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை மற்றவர்களை விடக் கூடுதலாகவே உணர்கின்றனர்.

புதுச்சத்திரம் பகுதிச் சூழல்

புதுச்சத்திரம் ஊராட்சி ஒன்றியம் நாமக்கல் மாவட்டத்தின் 15 ஒன்றியங்களுள் ஒன்று. சேலத்தையும் நாமக்கல்லையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இதன் வழியே செல்கின்றது. வேளாண்மை, கோழிப்பண்ணை, லாரித் தொழில் ஆகியவை இம்மாவட்டத்தின் முக்கிய பிழைப்புகள். பெற்றோர் வேலைக்குச் செல்லும் வீடுகளில், குழந்தை வீட்டுக்கு வெளியே முதன்முதலில் பழகும் இடம் பெரும்பாலும் அங்கன்வாடியே. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் (தொடக்கம்: 2 அக்டோபர் 1975) இயங்கும் இம்மையத்தை மக்கள் இன்றும் "பால்வாடி" என்றே அழைப்பதுண்டு.

ஒத்த வயதுக் குழந்தைகள் பலரை ஒருங்கே பார்ப்பவர் என்பதால், வீட்டார் கவனியாத வேறுபாட்டை மையப் பணியாளர் எளிதில் காண முடியும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டிய பொருளைச் சுட்டிக் காட்டாமை, கற்ற சொற்களை இழத்தல், பாவனை விளையாட்டு இன்மை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பது மதியிறுக்கம் ஆகிவிடாது. செவித்திறன் ஆய்வு முதலில் தேவை.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று காத்திருப்பதும், நாவில் வசம்பு தேய்ப்பதும் ஊர்களில் வழக்கம். அவ்வாறு காத்திருப்பதில், உதவி நன்கு பயன்தரும் ஆண்டுகள் வீணாகின்றன. "அடங்க மாட்டேன் என்கிறான், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்புவது அதனினும் கேடானது. அக்குழந்தைக்கு அப்பகுதியில் வேறு இடம் இல்லை.

அன்றாட நடைமுறைகள்

மதியிறுக்கமுடைய குழந்தைக்கு அடுத்து என்ன நிகழும் என்பது தெரியாமையே பெரிய இன்னல். எனவே வருகை, பாட்டு, விளையாட்டு, கைகழுவுதல், உணவு, உறக்கம் ஆகியவற்றின் படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றும் முடியும்போது அடுத்த படத்தைக் காட்டலாம். படம் புரியாத குழந்தைக்குப் பொருளையே காட்டலாம். தட்டைக் கையில் கொடுத்தால் உணவு நேரம், பாயைத் தொட்டால் உறக்க நேரம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

பேச்சு சுருக்கமாக இருத்தல் வேண்டும். "கண்ணு, இங்கே வந்து சமர்த்தாக உட்கார்ந்து சாப்பிடு" என்பதை விட "உட்கார்" என்று சொல்லிச் சில நொடிகள் காத்திருப்பது நன்று. கண்ணைப் பார்க்குமாறு முகத்தைத் திருப்புதல் கூடாது. படங்களைப் பயன்படுத்தினால் பேச்சு வராது என்ற அச்சத்திற்கு ஆய்வுச் சான்று இல்லை.

தகரக் கூரையில் மழை விழும் ஓசை, எல்லோரும் ஒருமிக்கப் பாடும் ஒலி, குக்கர் விசில் ஆகியவை சில குழந்தைகளால் தாங்க இயலாதவை. காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை அடம்பிடிப்பதாக எண்ணி அடிப்பது நிலைமையை மோசமாக்கும். அறையின் ஒரு மூலையில் பாய் விரித்து, அங்கு ஒதுங்க அனுமதிக்க வேண்டும். அது தண்டனைக்குரிய இடமாக மாறிவிடலாகாது.

உணவு குறித்துத் தனியே கூற வேண்டும். தமிழக மையங்களில் அவித்த முட்டை வழங்கப்படுகின்றது. முட்டைக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்திலேயே அதன் மணத்தையோ வழவழப்பையோ பொறுக்காத குழந்தை இருக்கக்கூடும். வாயில் திணித்தால் அது பிற உணவையும் மறுக்கத் தொடங்கலாம். சோற்றோடு கலக்காமல் தட்டின் ஓரத்தில் வைத்துப் பல நாட்கள் பழக்குவதே முறை. ஏற்கும் உணவு இரண்டு மூன்றாகச் சுருங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாதுகாப்பு

சொல்லாமல் வெளியேறி ஓடுதல் இக்குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுகின்றது. சிலரை நீர் பெரிதும் ஈர்க்கின்றது. சேலம், நாமக்கல் சமவெளியில் பாசனக் கிணறுகள் பல உள்ளன. நெடுஞ்சாலையும் அருகில் உள்ளது. ஆதலால் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், மூடிய தண்ணீர்த் தொட்டி, சட்டையில் தைத்த தொலைபேசி எண் ஆகியவை வேறு எந்தப் பயிற்சிக்கும் முன் செய்யத்தக்கவை. பணியாளர் சமையலிலோ பதிவேட்டிலோ ஈடுபடும்போது குழந்தை யார் பொறுப்பில் உள்ளது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

பரிந்துரையும் சட்டமும்

2013 இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். ஐயத்திற்குரிய குழந்தை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை நடுவண் அரசு நவம்பர் 2023 இல் வெளியிட்டது.

1995 ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் மதியிறுக்கம் இடம்பெறவில்லை. 1999 இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. எனினும் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதலே பொருந்துவதால், அங்கன்வாடி வயதுக் குழந்தைக்கு அதன் காப்பு இல்லை.

வல்லுநர் அல்லாதோர் பயிற்சி பெற்று உதவ இயலும் என்பதற்குச் சான்று உண்டு. கோவாவிலும் பாக்கித்தானின் இராவல்பிண்டியிலும் நடைபெற்று 2016 இல் வெளியான ஆய்வில், இத்தகைய பணியாளர் பெற்றோருக்கு வழிகாட்டியபின், குழந்தை தானே தொடங்கும் தொடர்பு அதிகரித்தது. தமிழகத்தில், 1981 இல் ஆய்க்குடியில் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், ஊர்ப்பணியாளரைக் கொண்டு வீடுதோறும் ஆரம்பநிலைப் பயிற்சி அளித்து வருகின்றது.