வெங்கட்ட நாயக்கர் மண்டி

எங்க வாசுதேவநல்லூரில் கோட்டையைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பூலித்தேவன், யூசுப் கான், பீரங்கி என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே பஜாரில் புளியும் மிளகாயும் விற்று மேலே வந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. பாளையக்காரர் பெயர் கும்பினிக் கடிதங்களில் இருக்கிறது. கடைக்காரர் பெயர் அவருடைய பேரேட்டில்தான் இருந்திருக்கும், அதைக் கரையான் தின்றிருக்கும். அந்தக் காலத்துச் சின்ன ஊர் வியாபாரி ஒருவரின் வாழ்க்கை எழுத்தில் மிஞ்ச வேண்டுமென்றால், அவருக்குப் பேர்போன பிள்ளை ஒன்று பிறந்திருக்க வேண்டும்.

அப்படி மிஞ்சிய ஒருவர் ஈரோட்டு வெங்கட்ட நாயக்கர். பெரியாரின் அப்பா.

பெரியாரைப் பற்றிப் பேசும்போது "பணக்கார வீட்டுப் பிள்ளை" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். 1939-ல் வந்த சாமி சிதம்பரனாரின் 'தமிழர் தலைவர்' தொடங்கிப் பல வரலாறுகள் இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்கின்றன. அவற்றைப் படித்தபோது என்னை நிறுத்தி வைத்தது அந்தப் பணம் வந்த வழி. வெங்கட்டர் சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். பன்னிரண்டு வயதில் கல் வேலை செய்பவர்களுக்கு எடுபிடியாகக் கூலிக்குப் போனார். பதினெட்டு வயதில் கல்யாணம். பெண் சேலம் தாதம்பட்டியைச் சேர்ந்த சின்னத்தாயம்மாள். கட்டி வந்த பிறகு அந்தம்மாவும் அதே இடத்தில் சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறார்.

கூலிக் காசில் மிச்சம் பிடித்து வண்டியும் மாடும் வாங்கினார்கள். அவர் வண்டியோட்டி வாடகை சம்பாதித்தார். அடுத்தது சின்னதாக ஒரு மளிகைக் கடை. கடையில் அவர் உட்கார்ந்திருக்க, வீட்டில் அம்மா நெல் குத்தினார், துவரையை உடைத்துப் பருப்பாக்கினார், ஆமணக்கிலிருந்து விளக்கெண்ணெய் எடுத்துக் கொடுத்தார். நெல்லாக வாங்கி அரிசியாக விற்றால் நடுவில் நிற்கும் காசு யாருடையது? அந்தம்மாவுடைய உழைப்புக் காசுதானே! "சுயமாக முன்னேறிய வியாபாரி" என்று எழுதும்போது அந்த உலக்கையையும் கணக்கில் சேர்த்துக்கணும். வழக்கமாக யாரும் சேர்ப்பதில்லை.

காலமும் கைகொடுத்தது. 1862-ல் மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரை போகும் ரயில் ஈரோட்டைத் தொட்டுவிட்டது. பிறகு திருச்சி பக்கமிருந்தும் ஒரு பாதை வந்து சேர, ஊர் ரயில் சந்திப்பாகிவிட்டது. (நம்ம பக்கம் ரயில் வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.) 1871-ல் நகராட்சி வந்தது. நாலு திசையிலிருந்தும் சரக்கு வந்து இறங்கும் ஊரில் சில்லறைக் கடை மொத்த மண்டியாக வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் தொழிலில் இறங்கியவர், ஊரில் பெரிய வியாபாரிகளில் ஒருவராகிவிட்டார்.

வீட்டுக்குள்ளே வேறொரு குறை. முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. பிறகு பல வருஷம் பிள்ளையே இல்லை. விரதம், பூஜை, பாகவதர்களுக்குச் சாப்பாடு என்று வீடு முழு வைணவ வீடாக மாறியது அந்தக் காலத்தில்தான். 1877-ல் கிருஷ்ணசாமி பிறந்தார், 1879-ல் ராமசாமி. பின்னால் பொன்னுத்தாயி, கண்ணம்மாள் என இரண்டு பெண்கள். பெருமாள் கொடுத்த பிள்ளைகள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அதில் இரண்டாவது பிள்ளை என்ன ஆனார் என்பது உங்களுக்கே தெரியும்.

ராமசாமியின் திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வாணியச் செட்டியார், முஸ்லிம், வேடர் வீடுகள். அங்கெல்லாம் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே என்று வீட்டில் கட்டளை. பையன் கேட்கவில்லை. கடைசியில் காலில் விலங்கு பூட்டி மரக்கட்டையைக் கோத்துவிட்டார்கள். அவன் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான். இது வேடிக்கைக் கதையாகத்தான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நான் பெற்றோர் பக்கம் நின்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச வருஷம் முன்புவரை கல்லும் மண்ணும் சுமந்தவர்கள். இப்போது பெரிய மனுஷர்கள், ஆசாரமான குடும்பம். புதிதாகக் கிடைத்த அந்த மதிப்பு ஒரு டம்ளர் தண்ணீரில் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. விலங்கு போட்டது சரி என்று சொல்ல வரவில்லை. ஏணியில் ஏறியவர்கள் ஏணியை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பது எல்லா ஊர் பஜாரிலும் பார்த்ததுதானே.

பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திப் பையனை மண்டியில் உட்கார வைத்தார் அப்பா. மூட்டைக்கு விலாசம் எழுதணும், சரக்கை ஏலம் கூறணும். பையனுக்கு இது பிடித்துப்போயிற்று. ஓய்வு நேரத்தில், அப்பா வீட்டுச் சாப்பாட்டுக்கு வரும் பண்டிதர்களைக் கேள்வி கேட்டு மடக்குவது பொழுதுபோக்கு. பிற்காலத்து மேடைப் பேச்சில் ஒரு மண்டித் தரகரின் குரல் எனக்குக் கேட்கும். சரக்கைப் பிரித்துக் காட்டு, எடை போடு, அப்புறம் விலை பேசலாம் என்கிற அந்தத் தோரணை.

1898-ல் கல்யாணப் பேச்சு வந்தது. வசதியான இடத்தில் பெண் எடுக்க அப்பாவுக்கு ஆசை. பிள்ளைக்கோ தாதம்பட்டிச் சொந்தத்தில் வசதியில்லாத வீட்டு நாகம்மையைத்தான் கட்ட வேண்டும். பிள்ளை பக்கமே முடிந்தது. அப்பாவோடு உரசல் மட்டும் தீரவில்லை. 1904 வாக்கில் வீட்டைவிட்டுக் கிளம்பி பெஜவாடா, ஹைதராபாத் வழியாகக் காசி போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு சத்திரத்தில் சாப்பாடு பிராமணர்களுக்கு மட்டும். பூணூல் போட்டுக்கொண்டு நுழையப் பார்த்தும் மீசை காட்டிக் கொடுத்துவிட, வெளியே தள்ளப்பட்டு எச்சில் இலையில் மிஞ்சியதைச் சாப்பிட்டார். அந்தச் சத்திரம் தென்னாட்டு வணிகர் ஒருவர் பணத்தில் கட்டப்பட்டது என்று சொல்வார்கள். அப்படியானால் கட்டியவரும் வெங்கட்டர் மாதிரி ஒரு புண்ணியவான்தான்.

திரும்பும் வழியில் ஏலூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தபோது ஈரோட்டுக்குத் தகவல் போனது. அப்பாவே கிளம்பி வந்தார். பிள்ளை நகைகளை எடுத்து நீட்டினார். பெரும்பாலானவை அப்படியே இருந்தன. வியாபாரிக்கு முதலில் வரும் சந்தேகம் அப்பாவுக்கும் வந்தது: நகையை விற்கவில்லை என்றால் இத்தனை நாள் எதைச் சாப்பிட்டாய்? நீங்கள் ஈரோட்டில் போட்ட தர்மச் சோற்றையெல்லாம் காசியில் வசூல் பண்ணிவிட்டேன் என்கிற மாதிரி பதில் சொன்னாராம் மகன். நக்கல்தான். ஆனால் அப்பாவுக்குப் புரிகிற வரவு செலவு பாஷை அது.

ஊர் திரும்பியதும் அப்பா மண்டியின் பெயரை மாற்றினார். 'ஈ.வெ.ராமசாமி நாயக்கர் மண்டி' என்று ஆனது. கூலியாக ஆரம்பித்துத் தன் பெயரைக் கடைக்கு வைக்கும் நிலைக்கு வந்த ஒருவர், தான் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஓடிப்போய் வந்த பிள்ளையின் பெயரை வைக்கிறார். மன்னித்தேன் என்று வாயால் சொல்லும் வழக்கம் அந்தத் தலைமுறை அப்பாக்களுக்குக் கிடையாது.

1909-ல் பொன்னுத்தாயியின் மகள், குழந்தை விதவை, அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார் ராமசாமி. சொந்த சாதியில் பெரிய எதிர்ப்பு. இதையும் பார்த்துவிட்டுத்தான் 1911-ல் வெங்கட்ட நாயக்கர் இறந்தார்.

பிறகு காங்கிரஸ் வந்தது, மண்டி போனது. ஒத்துழையாமைக் காலத்தில் கோர்ட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்ததால் சுமார் 50,000 ரூபாய் கடன் பத்திரங்கள் வீணாயின. தன் பெயரில் மாற்றிக் கொடுத்தால் வாதாடி வசூலித்துத் தருகிறேன் என்று சேலம் விஜயராகவாச்சாரியார் சொல்லியும் மறுத்துவிட்டார். அந்தப் பத்திரங்களுக்குப் பின்னால் இருந்தது குடும்பமே சேர்த்த முதல். ஒரு வண்டியும் ஓர் உலக்கையும் வைத்து ஆரம்பித்த முதல்.

கள்ளுக்கடை மறியலின்போது தன் தோப்பில் ஐந்நூறு தென்னைகளையும் வெட்டினார். 1921-ல் நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டுத் தெருவில் மறியலுக்கு நின்றார்கள். தோப்பு இருந்தது தாதம்பட்டியில். சின்னத்தாயம்மாள் பிறந்த ஊர். அந்தம்மா 1936 வரை உயிரோடு இருந்தார்.